மண்ணுல சாமி பண்ணப் போற பேராண்டிக்கு

வாடா நைனா, உட்காரு. மண்ணுல பொம்மை பண்ணி ஊரைத் திருத்தப் போறியாமே? சாந்திபுரம் பூரா அதே பேச்சு. உங்க அப்பன் தலையில கை வெச்சிக்கினு உட்கார்ந்திருக்கான். நான் தடுக்கல. ஊரு திருந்தாட்டியும் திண்ணை மெழுக மண்ணாவது மிஞ்சும்.

"சமூகப் பிரச்சினையை மண்ணுல பேசறது புதுசு தாத்தா"ன்னு சொன்ன பாரு, அங்கதான் எனக்கு இருமல் வந்துச்சு.

போன்ல ஒரு பையனைக் காட்டினியே, ரமேஷ் மரியோ நித்தியேந்திரன். 1988ல கொழும்புல பொறந்தான்; கைக்குழந்தையா இருக்கறப்பவே சண்டைக்குப் பயந்து குடும்பம் சிட்னிக்குப் போயிடுச்சு. வளர்ப்புல இந்துவும் உண்டு, கிறிஸ்தவமும் உண்டு. எனக்குச் சாமி நம்பிக்கை இல்லங்கிறான். பண்றது பூரா சாமிதான்! நாலஞ்சு மொகம், முழிச்ச கண்ணு, இளிச்ச பல்லு, ஆணா பொண்ணான்னு சொல்ல முடியாத உடம்பு, மேல வழிய வழிய கண்ணாடிப் பூச்சு. 2015ல ஆஸ்திரேலியாவுல மண் சிற்பத்துக்கான சிட்னி மயர் நிதி விருது. மறு வருஷம் கான்பெரா தேசியக் கலைக்கூடத்துல 'மட் மென்'னு கண்காட்சி. இனம், மதம், ஆம்பளை பொம்பளைங்கிற கணக்கு எல்லாத்தையும் அந்தப் பொம்மைங்க கேள்வி கேக்குதாம். கேக்கட்டும். எனக்குப் பிடிச்சிருக்கு. நம்ம ஊரு எல்லையில ஒண்ணை நிறுத்தினா, ராத்திரி மோட்டார் திருட ஒரு பய வரமாட்டான்.

ஆனா திருப்பதி கங்கம்மா ஜாத்திரைக்கு உன்னைத் தோள்ல தூக்கிக்கினு போனேனே, தூங்கிட்டியா? மீசை வெச்ச ஆம்பளைங்க சேலை கட்டி, வளையல் போட்டு நடந்தானுங்களே, எந்தக் கலைக்கூடத்துல டிக்கெட் வாங்கினோம்? கதை என்ன? ஊருப் பொண்ணுங்களைத் தொட்டுக்கினு திரிஞ்சான் ஒரு பாளையக்காரன். கங்கம்மா துரத்தினா, ஒளிஞ்சிக்கினான். அவ நாளுக்கொரு வேஷம் போட்டுத் தேடினா. கடைசியா துரை வேஷத்துல வந்தா. பெரிய மனுஷன் வந்திருக்கான்னு நம்பி வெளிய வந்தான், தலை போச்சு. பெரிய மனுஷன் இன்னொரு பெரிய மனுஷனுக்குத்தான் கதவைத் திறப்பான், கவனிச்சியா?

முடிவுல மண்ணாலயே அம்மாவுக்கு ஆளுயரத்துக்கும் மேல மொகம் பண்ணுவாங்க, விஸ்வரூபம். விடியறதுக்குள்ள கன்னத்தைப் பிய்ச்சிக் கலைச்சிடுவாங்க. அந்த மண்ணுக்கு ஜனம் முட்டி மோதும். வீட்டுல வெச்சி நெத்தியில பூசும். உன் சிற்பத்தை ஒருத்தன் பிய்ச்சிக்கினு ஓடினா போலீசுக்குப் போவியே!

ஜனத்தைக் கிட்ட விட்ட சீனாக்காரக் கலைஞர் ஐ வெய்வெய் கதை தெரியுமா? 2010ல லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்துல பத்து கோடி சூரியகாந்தி விதை கொட்டினார். எல்லாம் பீங்கான், ஜிங்தேசென் ஊர்ல ஆயிரத்து அறுநூறு பேரு கையால செஞ்சது. ஜனம் அதுமேல நடக்கலாம்னு விட்டாங்க. தூசி மூச்சுக்கு ஆகாதுன்னு சீக்கிரமே கயிறு கட்டிட்டாங்க. விதைச்ச வயல்ல நடக்காதேன்னு நம்ம கிழவிங்க சொன்னது அங்க போய்ச் சேரல போல.

இப்ப வேலைக்கு வா. பொம்மையை உள்ளுக்குக் கூடா பண்ணு. புதுக்கோட்டைப் பக்கம் மண் வேலை செய்யற வேளாருங்க அய்யனார் குதிரைய அப்படித்தான் துண்டு துண்டா ஏத்துவாங்க. கெட்டியா பண்ணி ஈரத்தோட சூளையில வெச்சியோ, உள்ள இருக்கற தண்ணி ஆவியாகி உன் சமூகப் பிரச்சினை டமார்னு வெடிக்கும். நிழல்ல காய வை. காயறப்ப ஒரு சுருக்கு, சுடறப்ப ஒரு சுருக்கு, மண்ணு சுருங்கும். அதுக்குத் தக்கன கொஞ்சம் பெருசாவே பண்ணு. பக்கத்துல நாலு பக்கம் விளக்கம் ஒட்டாதே. கங்கம்மா எந்த போர்டும் மாட்டல.

என்ன பண்ணப் போற? பாளையக்காரனைப் பண்ணு. பழைய கதை, யாரும் கேஸ் போட முடியாது. மூக்கும் மீசையும் ஏரிக்கரை மண்ணை டிராக்டர் டிராக்டரா அள்ளறவனாட்டம் வந்துடுச்சின்னு அவனே வந்து சண்டை போட்டா, கையைக் கட்டிக்கினு சொல்லு: "அண்ணா, நான் சரியாத்தான் பண்ணேன். மண்ணு சுருங்கிடுச்சி."