போர்டு அவனுது, ஊடு யாருது?

வாடா பேராண்டி, குந்து. சிதம்பரம் பைபாஸ் ஓரம் உங்கப்பன் வெச்சிட்டுப் போன மல்லாட்டைக் கொல்லையில அஞ்சு மாடி லாட்ஜு கட்டப்போறியாமே. லாட்ஜுன்னா கோவம் வருதாம், பிராண்டு ஓட்டலுன்னு சொல்லணுமாம். சொல்லிட்டாப் போச்சு. எனக்கு ஓட்டலுன்னா இட்லியும் கொத்சும்தான்.

மனை உன்னுது. பேங்கு கடன் உன்னுது. மெத்தை, ஏசி, கரண்டு பில்லு, அத்தனையும் உன்னுது. அந்த பிராண்டுக்காரனுது இன்னா? போர்டு. அதுக்கு வரும்படியில பங்கு வேற. தாவல, பேரப் பாத்து ஆளு வருது, குடுத்துட்டுப் போ. நாளைக்கி கட்டடத்த விக்கணும்னா?

அங்கதான்டா திரை தொங்குது. வெலக்கிப் பாத்தா, உன் சொத்துங்கற எடத்துல ஒன்னுமே இல்ல. வாங்கறவன அவன் பாத்துத் தலையாட்டணும். வாங்கறவன் புதுசா மனு போடணும், அதுக்கொரு கட்டணம். கட்டிலு பழசு, குளியலறை பழசு, இத்த மாத்து அத்த மாத்துன்னு ஒரு பட்டியலு நீட்டுவான். சில ஒப்பந்தத்துல, வெளியாளுக்கு விக்கறதுக்கு முன்ன என்னக் கேளு, அதே வெலைக்கு நானே எடுத்துக்குவேன்னும் இருக்கும். கம்பெனி ஆரம்பிச்சி பங்க மட்டும் கைமாத்திடலாம்னு பாக்கறியா? அதுவும் வித்த கணக்குதான்னு எழுதி வெச்சிருப்பான். நீ கண்ண மூடுனாக்கூட உன் புள்ள மனுவோட நிக்கணும். கேக்காம வித்தியோ, போர்டும் போவும், நட்டஈடும் கேப்பான்.

குத்தகைக்காரன் உள்குத்தகை விடக்கூடாதுன்னா நாயம், நெலம் அடுத்தவனுது. இங்க நெலத்துக்காரனே நீதானடா! அவன் பக்கமும் நாயம் இல்லாமலா? நீ எவனோ ஒரு தறுதலைக்கி வித்துட்டுப் போனா, கெடறது அவன் பேருதானே.

தேவனாம்பட்டினம் கோட்டைய 1690-ல வெள்ளைக்காரன் மராட்டியர்கிட்ட வாங்குனான். எல்லை எது? கோட்டையிலேர்ந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரைக்கும் அவனுது. குண்டு கிராமம்னே ஊருங்களுக்குப் பேரு. அக்கிரமந்தான். ஆனா அந்தக் குண்டு ஓரெடத்துல விழுந்து நின்னுச்சு. உன் பத்திரத்துக் குண்டு பேரன் காலத்துக்கும் உருளும் போல இருக்குதே!

டில்லியில விக்ரம் பக்ஷின்னு ஒருத்தரு. மெக்டொனால்ட்ஸோட 1995-ல சரிபாதிக் கூட்டு. லாட்ஜு இல்ல, பர்கர் கடை, கயிறு ஒன்னுதான். 2013-ல அவர நிர்வாக இயக்குநர் பதவியிலேர்ந்து எறக்குனாங்க. பதவி போனா பங்கும் எங்களுக்குத்தான்னு அவங்க ஒப்பந்தத்தக் காட்ட, வழக்கு லண்டன் வரைக்கும் போச்சு. 2017-ல 169 கடைக்கிப் பேரையே புடுங்கிட்டாங்க. 2019-ல சமரசம். பங்கு யாரு கைக்கிப் போச்சுங்கற? போர்டுக்காரன் கைக்கித்தான்.

ஒன்னும் வாணாம்னு சொல்லலடா. பேசி வாங்கு. புள்ளைக்கிப் போனா தடையில்லன்னு ஒரு வரி. காரணமில்லாம மறுக்கக்கூடாதுன்னு ஒரு வரி. பூசைக்கி நாளு குறிச்சிட்டு அப்பறம் கேட்டா சிரிப்பான்.

இன்னா முழிக்கற? இன்னும் பத்திரத்தப் படிக்கலியா? கையெழுத்து மட்டும் போட்டுப் பழகிட்டியாக்கும்? தோ, மாடத்துல என் கண்ணாடி கெடக்குது, எடுத்தா. கடைசிப் பக்கத்துலேர்ந்து ஆரம்பி.