குருக்கள்மடத்திலிருந்து ஐப்பசியில் அம்ஸ்டர்டாம் செல்லுதல்: ஒரு திணையியல் முன்னாய்வு

ஐரோப்பாவின் பழைய நகரொன்றை இலையுதிர்காலத்தில் பார்த்துவருவது எப்படி என்று விளக்கும் நூல்கள் ஏராளம். அத்தனையிலும் ஒரே பெருங்குறை. பயணி எங்கிருந்து புறப்படுகிறார் என்று அவை கேட்பதில்லை. விமான நிலையத்திலேயே பிறந்து வளர்ந்தவர் போல அவரை நடத்துகின்றன. கிழக்கே கடலும் மேற்கே வாவியும் இருக்க, வாவிக்கு அப்பால் வயலும் வைத்திருக்கும் குருக்கள்மடத்துக்காரர் எப்படிப் புறப்படுவது என்ற வினாவை அறிஞர் எவரும் தொட்டதாகத் தெரியவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பவே இக்கட்டுரை. ஆய்வுக்களம் மாமா வீட்டு விறாந்தை. தகவலாளர்கள் மாமா, மாமி, மூத்த மச்சாள். பயணச் செலவை ஏற்றுக்கொண்டிருக்கும் ஒல்லாந்து மருமகன் தொலைபேசியில் மட்டும் கிடைத்தார்.

நகரத் தெரிவு விரைவில் முடிந்தது. உரோமாபுரி, பிராக், பாரிஸ் மூன்றையும் மாமா ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட்டார்: “நம்மட ஊருக்கு முதல்ல வந்தவங்க வீட்டுக்குத்தான் நாம முதல்ல போகணும்.” வரலாறு அவர் பக்கம் ஓரளவு நிற்கிறது. 1601 மே மாதம் ஒல்லாந்தின் ஸீலாந்திலிருந்து கப்பலேறிய ஒல்லாந்துக் கப்பற்தலைவர் ஸ்பில்பேர்கன், 1602 மே 31 அன்று மட்டக்களப்புக் கரைக்கு வந்தார். பயணம் ஓராண்டுக்கும் மேல். தங்குமிட முன்பதிவு இல்லை, திரும்பும் சீட்டு இல்லை, வங்கிக் கூற்றும் இல்லை. 1638இல் அவருடைய நாட்டவர் மீண்டும் வந்து, போர்த்துக்கேயர் புளியந்தீவில் கட்டியிருந்த கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். போர்த்துக்கேயர் இன்னும் முந்தி வந்தவர்கள் அல்லவா, லிஸ்பனுக்கல்லவா போக வேண்டும் என்று மச்சாள் கேட்ட கேள்வி குறிப்பேட்டில் பதியப்பட்டது, மறுமொழி பதியப்படவில்லை. ஆக, நானூறு ஆண்டுக்கு மேலாக நிலுவையில் கிடக்கும் ஒரு மறுவருகையே இப்பயணம் என்பது முதற் கருதுகோள்.

அடுத்தது இலக்கணத் தடை. தொல்காப்பிய மரபில் ஆண்டு ஆறு பெரும்பொழுதாகும். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், அது குறிஞ்சிக்குரியது. மருதத்துக்கும் நெய்தலுக்கும் ஆறு பொழுதும் பொருந்தும் என்பர். வயலும் கடலும் உடைய குருக்கள்மடம் இவ்விரண்டிலும் அடங்குவதால் எப்போது வேண்டுமானாலும் புறப்படலாம் என்று முதலில் தோன்றும். அவசரப்படக் கூடாது. வீட்டை விட்டுப் பிரிந்து போதல் பாலைத்திணையின் பொருள். பாலைக்குரிய காலம் வேனிலும் பின்பனியுமே. ஒக்டோபரில் பிரிவதற்கு நூலில் அனுமதி இல்லை. அது போதாதென்று, பெண்ணோடு கடல்வழி போவது வழக்கமில்லை என்றும் தொல்காப்பியர் சொல்லிவைத்திருக்கிறார். அப்படியானால் மாமி? விமானம் கடலைத் தொடாமல் கடப்பதால் இவ்விதி செல்லாது என்பது மச்சாளின் துணிபு. அம்பிளாந்துறைக்குப் போகும் பாதைப் படகில் பெண்கள் தினமும் மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே நின்று வாவி கடக்கிறார்கள் என்பதையும் அவர் சான்றாக வைத்தார். வாவி கடலாகாது என்றாலும் வாதத்தில் வலு இருக்கிறது.

மாமியின் ஆட்சேபம் வேறு தளத்திலானது. அம்ஸ்டர்டாமில் பதினேழாம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட கால்வாய் வளையத்தை யுனெஸ்கோ 2010இல் உலக மரபுச் சொத்தாக ஏற்றது, அக்கால்வாய்க் கரைகளில் நிற்கும் எல்ம் மரங்கள் ஒக்டோபரில் மஞ்சளாகி இலை கொட்டும், அதைப் பார்க்க உலகமே வருகிறது என்று மருமகன் ஒலிபெருக்கியில் விளக்கிக்கொண்டிருந்தார். மாமி கையில் விளக்குமாறோடு நின்று கேட்டார். “ஏன் மனே, இஞ்ச முத்தத்துல கொட்டுற பலா இலையக் கூட்ட ஆளில்ல. அங்க கொட்டுறதப் பாக்கக் காசு குடுத்துப் போறதா?” மருமகனின் இணைப்பு அத்தோடு துண்டிக்கப்பட்டது. தொழில்நுட்பக் கோளாறு என்றே கொள்வோம்.

மாமா பார்க்க விரும்பிய பொருள் ஒன்றே ஒன்று: கண்டியிலிருந்து 1765இல் ஒல்லாந்தர் கொள்ளையிட்டுப் போய், ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் வைத்திருந்த பீரங்கி. துர்ப்பாக்கியம் என்னவென்றால், அது வேறு ஐந்து பொருட்களோடு 2023 டிசெம்பரில் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டுவிட்டது. இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க உதயதேவி ரயிலே போதும். மாமா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அது இருந்த இடத்தையாவது பாப்பம்” என்றார். ஆய்வாளர் உள்ளம் என்றால் இதுதான்.

இனி வீசா. ஷெங்கன் கட்டணம் 90 யூரோ. அகலம் 35, உயரம் 45 மில்லிமீற்றர் படம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி. உயிர் போனால் உடலை ஊருக்கு அனுப்பும் செலவும் அதில் அடங்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை மாமிக்குப் பிடிக்கவில்லை. ஆனால் 1603இல் மட்டக்களப்புக்கு வந்து, கண்டி மன்னனின் ஆட்களிடம் உயிரைவிட்ட ஒல்லாந்துக் கப்பற்தலைவர் செபால்ட் டி வேர்ட்டை நினைத்தால், ஒல்லாந்தர் இதை அனுபவத்திலிருந்து எழுதியிருக்கிறார்கள் என்பது விளங்கும். இவற்றுடன் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தர் கடிதம், இவற்றின் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பு. மாமாவின் காணி உறுதியில் நான்கெல்லை கூறும் பகுதியில் ஒரு புளியமரமும் ஒரு மருதமரமும் வருகின்றன. அவை ஆங்கிலமாகி ஒரு தூதரக அலுவலரின் மேசைக்குப் போகப்போகின்றன. இரண்டு மரத்தில் ஒன்று இப்போது இல்லை என்பதை இங்கே மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இத்தனையும் சிறிய விடயம். பெரிய விடயம் நாட்காட்டி. சித்திரையில் வருசம். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு. சடங்கை நிறைவுசெய்யும் குளுத்தி முடியும்வரை பயணப் பேச்சே எடுக்க முடியாது. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம், ஆவணியில் மண்டூர்த் தீர்த்தம், அதையொட்டிக் கொக்கட்டிச்சோலைத் தேர். மார்கழியில் திருவெம்பாவையும் வெள்ளமும் சேர்ந்தே வரும். தை மாசியில் அறுவடை. இலையுதிர்காலத்துக்குள் எஞ்சுவது புரட்டாதியின் கடைசியும் ஐப்பசியும். எல்ம் இலை மஞ்சளாகும் காலமும் அதுவே. ஒல்லாந்துக்கும் வாவியின் கிழக்கே நம் எழுவான்கரைக்கும் இப்படியொரு பொருத்தம் அமையும் என்று யார் கண்டார்? இடையில் வரும் நவராத்திரி, தீபாவளி, கந்தசஷ்டிக்கும் வழியிருக்கிறது. டென் ஹெல்டரில் செல்வ விநாயகர் கோயில் உண்டு. விநாயகரிடம் சொன்னால் தம்பிக்குப் போய்ச் சேரும் என்று மாமி இசைந்துவிட்டார்.

ஆனால் பெரும்போக விதைப்பும் அதே ஐப்பசியில்தான். வாவிக்கு அப்பால், படுவான்கரையில் மாமாவின் வயல் இருக்கிறது. மாடுகளை வயலிலிருந்து அப்புறப்படுத்தும் திகதி, விதைப்பின் கடைசித் திகதி எல்லாம் பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் தீர்மானமாகும். வயல் பொறுப்பாளரான வட்டவிதானை வந்து சொல்லும்வரை மாமா எந்த நாளையும் தரமாட்டார். ஒல்லாந்துத் தூதரகமோ விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்னிருந்து வாங்கும்; பதினைந்து நாளுக்குக் குறைந்தால் வாங்காது. கூட்டம் முடிந்து, திகதி தெரிந்து, விதைத்து, கொழும்புக்கு ஓடிக் கடதாசி கொடுத்து, முடிவு வருவதற்குள் ஒக்டோபரின் கடைசி ஞாயிறும் போய்விடும். அன்று ஐரோப்பாவில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னால் திருப்புவார்கள். மூன்றரை மணித்தியால வித்தியாசம் நாலரையாகும். இலையும் கொட்டி முடிந்திருக்கும்.

எனவே ஆரம்பக் கூட்டம் கூட்டுவோருக்கு இவ்வாய்வு பணிவோடு முன்வைக்கும் வேண்டுகோள் ஒன்றுதான்: பெரும்போக விதைப்புத் திகதியைத் தயவுசெய்து ஏப்ரலிலேயே அறிவித்துவிடுங்கள். மாமா வீசாவுக்குப் படம் எடுத்து வைத்திருக்கிறார்.