சுட்டவர் யார்? ஒரு பாடபேத ஆராய்ச்சி

பாயிரம் இல்லாமல் நூல் தொடங்குவது மரபல்ல. எனவே ஆய்வுப் பொருளை முதலிலேயே அறிவித்துவிடலாம். ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் டாட்டூயின் என்ற பாலைக் கிரகம் ஒன்று வருகிறது. அங்குள்ள மதுக்கடையில் ஒரே மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்திருந்த ஹான் சோலோ, கிரீடோ ஆகிய இருவரில் முதலில் சுட்டவர் யார்? அரிசி விலைக்கும் உலக அமைதிக்கும் எள்ளளவும் தொடர்பில்லாத கேள்வி இது. ஆனாலும் கால் நூற்றாண்டுக்கு மேலாக நல்ல நண்பர்களை நள்ளிரவு தாண்டியும் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது. நட்பு மட்டும் முறிந்தபாடில்லை. ஏன் முறியவில்லை என்பதே இவ்வாராய்ச்சி.

ஆய்வுக் கருவி, பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய நன்னூல். நூல் செய்பவன் பிறர் கருத்தை எப்படியெல்லாம் எதிர்கொள்ளலாம் என்று அது ஏழு மதங்களை வகுக்கிறது. ஒத்துக்கொள்ளலாம், மறுக்கலாம், முதலில் ஒத்துக்கொண்டு பிறகு கழற்றிவிடலாம், சொந்தக் கருத்தை நாட்டி அதிலேயே நிற்கலாம், இருவர் சண்டையில் ஒருவர் பக்கம் சாயலாம், அடுத்தவர் நூலில் குற்றம் காட்டலாம், யாரோடும் சேராமல் தன்வழி போகலாம். மதம் என்றால் இங்கே கொள்கை. இந்த விளக்கம் வீண் அல்ல: 2001-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 3,90,000-க்கும் மேற்பட்டோர் தங்கள் மதம், இப்படத்தில் வரும் வீரர் குழுவின் பெயரான ‘ஜெடாய்’ என்று எழுதிக் கொடுத்தார்கள்.

இந்தச் சச்சரவை ரசிகர்கள்தான் தொடங்கிவைத்தார்கள் என்பார் ஒரு சாரார். அது பொருந்தாது. படம் வெளியாகும் முன்பே, நண்பர்கள் மத்தியில், இயக்குநரின் கண்ணெதிரிலேயே அது தொடங்கிவிட்டது. 1977-இன் தொடக்கத்தில் ஜார்ஜ் லூகாஸ் முடிவுபெறாத படத்தைச் சில திரைத்துறை நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினார். விண்வெளிச் சண்டைகள் இன்னும் தயாராகவில்லை. அந்த இடங்களில் இரண்டாம் உலகப் போர் விமானங்கள் கறுப்பு வெள்ளையில் பறந்தன. பார்த்தவர்களில் இயக்குநர் பிரையன் டி பால்மா, ‘ஃபோர்ஸ்’ என்ற அந்தத் தெய்வீக ஆற்றலைச் சகட்டுமேனிக்குக் கிண்டலடித்தார். படத்தின் தொடக்கத்தில் ஊர்ந்து செல்லும் முன்கதை எழுத்துகளும் தப்பவில்லை. ஸ்டீவன் ஸ்பீல்பெர்குக்கோ படம் பிடித்துப் போயிற்று. பெரிய வெற்றி பெறும் என்றார்.

இதில் கவனிக்க வேண்டியது கிண்டல் அல்ல, அதற்கு அடுத்து நடந்தது. கிண்டலடித்த அதே டி பால்மா, திரை விமர்சகர் ஜே காக்ஸுடன் சேர்ந்து உட்கார்ந்து அந்த முன்கதையைத் திருத்தி எழுதிக் கொடுத்தார். நன்னூல் கணக்கில் இது ஆறாம் மதம், குற்றம் காட்டல். காட்டிய குற்றத்தைத் தானே செப்பனிட்டுக் கொடுப்பது பவணந்தியார் பட்டியலில் இல்லை. நட்பின் பட்டியலில் இருக்கிறது போலும்.

ஸ்பீல்பெர்க் விஷயம் இன்னும் ருசியானது. அப்போது அவர் ‘குளோஸ் என்கவுன்டர்ஸ்’ எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் படப்பிடிப்பைப் பார்த்த லூகாஸ், உன் படம்தான் என் படத்தைவிட ஓடும் என்றார். இல்லை, உன் படம்தான் ஓடும் என்றார் ஸ்பீல்பெர்க். ஒருவர் படத்தை மற்றவர் உயர்த்திப் பேசி இருவரும் விட்டுக்கொடுக்காமல் நின்ற அபூர்வமான வழக்கு இது. கடைசியில் தத்தம் படத்தின் லாபத்தில் 2.5 விழுக்காட்டை மாற்றிக்கொள்வதென்று தீர்ந்தது. மே 25 அன்று ‘ஸ்டார் வார்ஸ்’ வெளியானது, தோற்றவர் லூகாஸ். தன் படம் வெற்றி பெற்றதால் வாதத்தில் தோற்றவர் வேறு யாரும் உண்டா என்பது தனி ஆய்வுக்குரியது.

இனி மதுக்கடைக்கு வருவோம். ஏடு தேடி அலைந்த பதிப்பாசிரியர்களுக்குப் பாடபேதம் கண்டால் வரும் பரவசம் இந்த ரசிகர்களுக்கும் வருகிறது. 1977-ஆம் ஆண்டு மூலபாடத்தில் கிரீடோ துப்பாக்கியை நீட்டியபடி பேசிக்கொண்டே இருக்கிறான். ஹான் மேசைக்கு அடியில் சத்தமில்லாமல் தன் துப்பாக்கியை உருவிச் சுட்டுவிடுகிறான். எழுந்து போகும்போது கடைக்காரனிடம் ஒரு காசைச் சுண்டிவிட்டு மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறான். கிரீடோ சுடவே இல்லை. ஆகவே ‘ஹான்தான் முதலில் சுட்டான்’ என்ற புகழ்பெற்ற வாக்கியத்திலேயே பிழை இருக்கிறது: இரண்டாவது என்று ஒன்று இருந்தால்தானே முதலாவது என்று சொல்ல முடியும்? நண்பர் கூட்டத்தில் இலக்கணப் பிடிவாதக்காரர் ஒருவராவது இருப்பார். ‘ஹான் மட்டுமே சுட்டான்’ என்று அவர் திருத்துவார். அதோடு அரைமணி நேரம் போய்விடும்.

1997-இல் வந்த சிறப்புப் பதிப்பில் கிரீடோ முந்திக்கொள்கிறான். ஒரு மேசையின் அகலம்தான் தூரம், குறி தவறுகிறது. ஆள் பிடித்துக் கொடுத்துப் பிழைக்கும் தொழில்காரனுக்கு இது பெருத்த அவமானம். அவனுக்காகப் பரிந்து பேசுவாரும் உளர். 2004-ஆம் ஆண்டு டிவிடியில் இருவரும் ஏறக்குறைய ஒரே நொடியில் சுடுகிறார்கள். 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் தொடங்கிய நாளில் பார்த்தவர்களுக்கு இன்னொரு பாடம் காத்திருந்தது: சுடுவதற்கு முன் கிரீடோ ‘மக்லங்கி’ என்கிறான். ஒரே ஒரு சொல்தான். உரையாசிரியர்களுக்கு அது போதாதா?

மூலத்தை ஏன் மாற்ற வேண்டும்? ஹான் பின்னால் இளவரசி லேயாவை மணக்கப்போகிறவன், ஈவிரக்கமில்லாமல் கொல்பவனாக அவன் இருக்கலாமா என்பது லூகாஸின் விளக்கம். எப்போதுமே கிரீடோதான் முதலில் சுட்டான், நெருக்கமான காட்சிகளால் அது தெளிவாகத் தெரியவில்லை என்றும் 2012-இல் ஒரு பேட்டியில் சொன்னார். ஆனால் கனடாவில் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழக நூலகத்தில் 1976 மார்ச் 15 தேதியிட்ட திரைக்கதைப் படி ஒன்று கிடைத்தது. அதில் சுடுவது ஹான் ஒருவன்தான். ஆசிரியர் ஒரு பக்கம், ஏடு மறுபக்கம். இவ்வாராய்ச்சி ஏட்டின் பக்கமே சாய்கிறது; பவணந்தியார் இதை ஐந்தாம் மதம் என்பார்.

எந்த மதத்திலும் அடங்காத சான்று ஒன்று மிச்சமிருக்கிறது. 2007-இல் ‘இண்டியானா ஜோன்ஸ்’ படப்பிடிப்பில் லூகாஸ் போட்டிருந்த பனியனில் என்ன எழுதியிருந்தது? ‘ஹான்தான் முதலில் சுட்டான்’. எதிர்க்கட்சியின் கொடியை ஆளுங்கட்சித் தலைவரே சட்டையில் குத்திக்கொண்டு வந்தது போல. எட்டாவது மதம் ஒன்று உண்டென்று நன்னூலுக்கு அனுபந்தம் எழுத வேண்டிய இடம் இது.

‘ஸ்டார் வார்ஸ்’ தொடரின் படங்களை எந்த வரிசையில் பார்ப்பது என்ற வழக்கை விரிக்க இங்கே இடமில்லை. வெளிவந்த வரிசை என்பார் ஒருவர், கதை நடந்த வரிசை என்பார் மற்றவர். 2011-இல் ராட் ஹில்டன் என்ற அமெரிக்க நிரலாளர் சமரசம் கண்டார்: நான்கு, ஐந்து, இரண்டு, மூன்று, ஆறு. முதல் பாகத்தைத் தூக்கியே போட்டுவிட்டார். இரு கட்சியைச் சமாதானம் செய்யப் போனவர் மூன்றாவது கட்சியை உண்டாக்கிவிட்டுத் திரும்பினார்.

மரியாதையோடு மறுப்பது எப்படி என்பதற்கு, லூக் ஸ்கைவாக்கராக நடித்த மார்க் ஹாமில் ஒரு பாடம். 2017-இல் வந்த ‘தி லாஸ்ட் ஜெடாய்’ படத்தில் லூக்கை இயக்குநர் ரயன் ஜான்சன் கண்ட விதம் தனக்கு அடிப்படையிலேயே உடன்பாடில்லை என்று அவரிடம் நேருக்கு நேர் சொன்னார். சொல்லிவிட்டு, எழுதியதை எழுதியபடியே முழுமனதோடு நடித்துக் கொடுத்தார். அந்த வேறுபாட்டைப் பொதுவெளியில் பேசியதற்குப் பின்னர் வருத்தமும் தெரிவித்தார். அதே படத்தில் ரோஸாக நடித்த கெல்லி மேரி டிரானை ரசிகர்கள் சிலர் வசைபாடினார்கள். 2018 ஜூனில் அவர் தன் இன்ஸ்டாகிராம் பதிவுகளையெல்லாம் நீக்கிவிட்டார். அந்த வசைக்கு நன்னூலில் மட்டுமல்ல, இந்தப் போலி ஆராய்ச்சியிலும் இடமில்லை.

ஹானாக நடித்த ஹாரிசன் ஃபோர்டின் வழக்கு சுருக்கமானது. 1983-ஆம் ஆண்டுப் படத்திலேயே ஹான் சாக வேண்டும் என்றார் அவர், லூகாஸ் மறுத்தார். 32 ஆண்டுகள் காத்திருந்து 2015-இல் ஃபோர்டு தன் விருப்பப்படி திரையில் செத்தார். அதற்குள் லூகாஸ் தன் நிறுவனத்தையே டிஸ்னிக்கு விற்றுவிட்டிருந்தார்.

2025 ஜூனில் லண்டனில் பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம் நடத்திய விழாவில் 1977-ஆம் ஆண்டுப் படச்சுருள் ஒன்றைத் திரையிட்டார்கள். அதில் கிரீடோ சுடவில்லை.