பிசினியலில் குமிழிக் கோட்பாடு

இவ்வாய்வின் எல்லை என் அக்கா வீட்டு ஃபிரிட்ஜின் இடப்பக்கம். முன்கதவு கண்ணாடி என்பதால் காந்தம் ஒட்டாது; வலப்பக்கம் சுவரோடு நெருங்கிக் கிடப்பதால் ஆய்வாளர் நுழைய இயலவில்லை. ஆய்வுப் பொருள்: அக்கா ரெசின் ஊற்றிச் செய்த ஒன்பது காந்தங்கள், நான்கு டாலர்கள், ஒரு ஜோடிக் கம்மல் (ஒன்று காணவில்லை). கருதுகோள், முனைவர் பட்ட மரபுப்படி, முடிவு கிடைத்த பின் எழுதிச் சேர்க்கப்படும்.

முதலில் சொல்லாராய்ச்சி. ரெசின் தூய தமிழ்ச் சொல்லே. பிசின் என்பதன் முதலெழுத்துத் திரிந்து ரிசின் ஆயிற்று. தமிழன் கப்பலேறி யவன நாட்டுக்குப் போன வழியில் 'பி' கடலில் விழுந்திருக்க வேண்டும். இலத்தீனில் 'ரெசினா' என்று இருக்கிறதே என்பார்க்கு, அதுவும் நமக்குச் சாதகமான சான்று என்பதோடு அமைக. (இம்முறையில் ஒரு மாலைக்குள் நாற்பது சொற்களை மீட்கலாம். மீட்டவர்கள் இருக்கிறார்கள்.)

வரலாறு சுருக்கமானது. எபாக்சி ரெசினை 1930களில் சுவிட்சர்லாந்தில் பியேர் காஸ்தான் என்ற வேதியியலர் பல்செட்டுக்கான பொருளைத் தேடும்போது கண்டார். பல் வியாபாரம் எடுபடவில்லை. சீபா நிறுவனம் உரிமையை வாங்கி 1946இல் அரால்டைட் பசையைக் கொண்டுவந்தது. அக்காவின் மாமியார் தம் பல்செட்டையும் மருமகளின் டாலரையும் ஒரே கண்ணால் பார்ப்பதற்கு இவ்வாறு வரலாற்று அடிப்படை உண்டு.

தொல்காப்பிய நெறிப்படி முதல், கரு, உரி காண்போம். முதற்பொருளில் நிலம், சமையல் மேடை. பொழுது, பங்குனி வெயில். ஐப்பசியும் கார்த்திகையும் ஆகா: காற்றின் ஈரம் ஹார்டனரோடு வினைபுரிந்து மேலே வெள்ளைப் பிசுபிசுப்பாகப் படியும். கருப்பொருள்: குந்துமணி, சமிக்கி, பழைய சுடிதார்ப் பொத்தான், ஜிமிக்கியிலிருந்து கழன்ற முத்து, காயவைத்த காகிதப்பூ. மல்லிகை விலக்கு, ஈரப்பூவை உள்ளே விட்டால் கொஞ்ச நாளில் டீத்தூள் நிறம். உரிப்பொருள்: அச்சிலிருந்து பிரித்தெடுக்கையில் இரங்கலும் இரங்கல் நிமித்தமும்.

காந்தத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, பின்னால் ஒட்டியிருக்கிறது. ஆனால் கேஸ் ரசீதையும் கல்யாணப் பத்திரிகையையும் ஓரிடத்தில் சேர்த்துப் பொருள்கொள்ள வைப்பதால் இதை 'மாட்டு' என்னும் உறுப்பில் அடக்கலாம். பத்துப்பாட்டில் எங்கோ கிடந்த அடியை இழுத்துவந்து இங்கே ஒட்டிய நச்சினார்க்கினியரிடம் இதைவிட வலுவான காந்தம் இருந்தது.

இனி, குமிழி.

ஏ பாட்டிலில் ரெசின், பி பாட்டிலில் ஹார்டனர். அளவு மூன்றுக்கு ஒன்று (பாட்டில் மேலுறை, வரி 3). அக்கா ஊற்றியது கண் அளவு. அந்த டாலர்கள் மூன்று நாளாகியும் ஏன் கையில் ஒட்டுகின்றன என்பது தனி ஆய்வுக்குரியது. ஐஸ் குச்சியால் கலக்கும்போது காற்று உள்ளே புகுந்து குமிழியாகிறது. வேகமாகக் கலக்கினால் மிகும். ரெசின் பாட்டிலை முன்பே வெந்நீரில் வைத்து இளக்கிக்கொண்டால் குறையும். குமிழி மூவகைப்படும்: தலைக்குமிழி, இடைக்குமிழி, கடைக்குமிழி. தலைக்குமிழி பேப்பர் கப்பிலேயே மேலே வந்து உடைந்தது. இடைக்குமிழி, அச்சில் ஊற்றியபின் லைட்டர் சுடரைக் காட்டியதும் மறைந்தது. இவ்விரண்டையும் கடல்கொண்டதாகக் கொள்க. அவற்றின் சிறப்புகள் ஏராளம், சான்று ஏதுமில்லை. நமக்குக் கிடைப்பது பூவிதழுக்கு அடியில் ஒளிந்து தப்பிய கடைக்குமிழி மட்டுமே.

இது மூலபாடமா, இடைச்செருகலா? மூலமே என்கிறாள் அக்கா ("அது டிசைன்டா": வாய்மொழி, அடுப்படி, குக்கரின் இரண்டாம் விசிலுக்குப் பின்). மாமியார் மறுக்கிறார் ("காசைக் கரியாக்குறா": கூடம், மாலைக் காப்பிக்கு முன், காப்பிக்குப் பின் கிடைத்த பாடம் "காசைக் கரைக்குறா", எதுகை மோனை இரண்டுக்கும் சமம் என்பதால், சூடு கருதி முந்தையதே கொள்ளப்பட்டது). அத்தானின் நிலைப்பாடு தெளிவாக இல்லை (மாதச் செலவுச் சீட்டின் மறுபக்கம், பென்சில் குறிப்பு: ரெசின் விலைக்குப் பின்னால் ஓர் ஆச்சரியக்குறி, மடிப்பில் எண்ணெய்க் கறை படிந்திருப்பதால் அது ஒன்று என்ற எண்ணாகவும் இருக்கலாம், அவ்வாறாயின் விலை பத்து மடங்காகிறது, ஆச்சரியம் தேவையற்றதாகிறது).

சிக்கல் இதனினும் ஆழமானது. நீர்க்குமிழி நிலையாமைக்கு உவமை என்பது நம் புலவர் மரபு. ரெசினோ 24 மணி நேரத்தில் இறுகி, 72 மணி நேரத்தில் முழுமையாக விளைகிறது. அதன்பின் குமிழி உடையாது. அக்காவுக்கு நரைக்கும், எனக்கு முடியே போகும், டாலர் வெயில் பட்டு மஞ்சளாகும். குமிழி அப்படியே இருக்கும். எனவே யாக்கை குமிழி போன்றது என்று வகுப்பெடுப்போர், எந்தக் குமிழி என்பதை இனி மாணவர்க்குத் தெளிவுபடுத்தல் வேண்டும். இக்கருத்தைக் கருத்தரங்கம் ஒன்றில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்தேன். மறுப்பு எழவில்லை, அரங்கில் ஆளில்லை. சான்றிதழ் தந்தார்கள். அதில் என் பெயரில் ஓர் எழுத்து இடைச்செருகல்.

ஒன்பதாம் காந்தத்துக்குள் ஓர் எறும்பு இருப்பதையும் பதிவு செய்ய வேண்டும். பால்டிக் கடற்கரை அம்பரும் மரப்பிசின்தான். அதனுள்ளும் எறும்புகள் உண்டு. அவை 4 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அக்கா, "நேத்துதான் விழுந்துச்சு" என்கிறாள். தொல்காப்பியத்தின் காலம் குறித்து நடக்கும் இழுபறியைப் பார்த்து வளர்ந்தவன் என்ற முறையில், இரு தரப்புக்கும் நடுவில், சற்றே தொன்மையின் பக்கம் சாய்ந்து, இரண்டரைக் கோடி எனக் கொள்கிறேன்.

இக்கட்டுரையின் கைப்படி இப்போது அந்த எறும்புக் காந்தத்தின் அடியில்தான் தொங்குகிறது. மூன்றாம் தாளின் வெற்றுப்புறத்தில் அக்கா பால் கணக்கு எழுதத் தொடங்கிவிட்டாள். 12, 13 தேதிகளில் பால் இல்லை. மேற்கோள் காட்ட விரும்புவோர் 'மேலது' என்று குறித்தால் போதும். ஃபிரிட்ஜுக்கு மேலதா என்று கேட்டால், இல்லை, இடப்பக்கம்.