சித்தூர் ஜில்லாவின் ஒரே பிறந்தநாள்

நாள்காட்டித் தாளின் அடியில் ‘வரலாற்றில் இன்று’ என்று நாலு வரி போடும் வழக்கம் என்றைக்குத் தொடங்கியதோ, அன்றைக்கே ஒரு சந்தேகமும் தொடங்கியிருக்க வேண்டும். கற்றறிந்தோர் ஏனோ அதை எழுப்பாமல் விட்டுவிட்டார்கள். ஒரு பேரரசனின் பிறப்பு, ஒரு வங்கியின் திறப்பு, எங்கோ ஒரு கப்பல் மூழ்கியது எல்லாம் ஒரே தேதியில் தோளோடு தோள் நிற்கின்றன. படிப்பவர் அந்தத் தேதிக்கே ஏதோ சக்தி இருப்பதாக எண்ணிக்கொண்டு தாளைக் கிழித்து, அதிலேயே திருநீறு மடித்து வைக்கிறார். தேதிக்குச் சக்தி உண்டா, உண்டென்றால் அதைக் கொடுத்தது யார் என்பதே இந்த ஆய்வின் பொருள். ஆய்வுக்களம் சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்த வெதுருகுப்பம். பெரிய போரோ ஒப்பந்தமோ அந்த ஊர்ப் பெயரால் வழங்கவில்லை. நடுநிலைக்கு இதைவிட நல்ல உத்தரவாதம் கிடைக்காது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மனிதருக்கு எழுதப்படும் பிறந்த தேதி ஒரு மதிப்பீடு. அரசாணையில் பிறந்தவற்றுக்கு மட்டுமே தேதி திட்டமாக இருக்கிறது. ஆகவே சித்தூர் ஜில்லாவில் ஐயத்துக்கு இடமில்லாத பிறந்தநாள் உடையது அந்த ஜில்லா ஒன்றுதான். அது 1911 ஏப்ரல் 1.

முதலில் மனிதர்களைப் பார்ப்போம். இந்த ஜில்லா தன்னுடையவர்கள் என்று சொல்லிக்கொள்ளக்கூடிய பெரும்புள்ளிகள் இருவர். திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் ஒருவர். மதனப்பள்ளியில் பிறந்த ஜிட்டு கிருஷ்ணமூர்த்தி மற்றவர். ராதாகிருஷ்ணன் பிறந்தது 1888 செப்டம்பர் 5 என்பது ஏட்டுக் கணக்கு. 1962 முதல் நாடு முழுவதும் அன்றைக்குத்தான் ஆசிரியர் தினம். ஆனால் உண்மையான தேதி 1887 செப்டம்பர் 20 என்று அவரே கருதியதாக, வரலாற்றாசிரியரான அவர் மகன் சர்வபள்ளி கோபால் தந்தையின் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். கிட்டத்தட்ட ஒரு வருட வித்தியாசம்! நாட்டின் குடியரசுத் தலைவருக்கே இந்த நிலை என்றால் வெதுருகுப்பத்துக் குடியானவரின் வயதைப் பற்றி யார் வாய் திறக்க முடியும்? கிருஷ்ணமூர்த்தி விஷயம் இன்னும் நுட்பமானது. அவர் பிறந்தது 1895 மே மாதம், நள்ளிரவு தாண்டி அரை மணி நேரம் கழித்து. வெள்ளைக்காரர் கணக்கில் அது மே 12. நம் கணக்கில் விடியும்வரை முந்தைய நாள்தான், ஆகவே மே 11. இரண்டு தேதிகளும் இன்றுவரை புத்தகங்களில் உலவுகின்றன. உலகத்துக்கே போதனை செய்தவர் எந்தத் தேதித் தாளில் அச்சேற வேண்டும் என்பதை ஒரு குழந்தையின் அழுகையும் ஒரு கடிகாரமும் சேர்ந்தும் தீர்மானிக்க முடியவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். தனி மனிதருக்குத்தான் குழப்பம், அரசர்களின் செயல்கள் கல்லிலேயே வெட்டப்பட்டிருக்கின்றனவே என்பார்கள். வெட்டப்பட்டிருப்பது உண்மை. கிருஷ்ணதேவராயர் திருமலைக்கு ஏழு முறை வந்தார். முதல் வருகை 1513 பிப்ரவரி 10. இதில் ஒரு சிக்கல் உண்டு. கல்லில் இருப்பது சக ஆண்டும் திதியும். பிப்ரவரி 10 என்பது பிற்காலத்தார் கணித்துப் போட்டது. 1582க்கு முந்தைய தேதிகளை ஜூலியன் நாள்காட்டியில் சொல்வது ஆய்வாளர் மரபு. இன்று சுவரில் தொங்கும் காலண்டரோ கிரிகோரியன். அதன்படி எண்ணினால் ராயர் வந்தது பிப்ரவரி 20. ஆக, பிப்ரவரி 10ஆம் தேதித் தாளில் அவர் வருகையைப் படித்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்பவர் பத்து நாள் முன்கூட்டியே போட்டுக்கொள்கிறார். அவர் தரிசித்த மூர்த்தியோ இந்த வம்பிலேயே சிக்கவில்லை. புரட்டாசித் திருவோணம் என்று நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, தேதி எந்தப் பக்கம் நகர்ந்தாலும் கவலையில்லாமல் இருக்கிறார்.

பள்ளிக்கூடச் சான்றையும் விட்டுவிடக் கூடாது. ஒரு தலைமுறைக்கு முன்புவரை தென்னாட்டுக் கிராமங்களில் பலருக்குப் பிறந்த தேதியை அருளியவர் தலைமையாசிரியரே. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது பையனுக்கு ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும். அதற்குத் தோதாக ஜூனிலோ ஜூலையிலோ ஒரு தேதி சேர்க்கைப் பதிவேட்டில் விழும். பிற்காலத்தில் ஓர் ஆராய்ச்சி மாணவர் இந்தப் பதிவேடுகளை மட்டும் வைத்துக்கொண்டு ஜூலையிலிருந்து பின்னோக்கி எண்ணினால், நேராகப் புரட்டாசியில் போய் நிற்பார். பிரம்மோற்சவத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் தொடர்பு கண்டுபிடித்து முனைவர் பட்டமும் வாங்கிவிடுவார். அசைவத்தையே ஒதுக்கி விரதம் இருக்கும் மாதத்தின் மேல் இப்படி ஒரு பழி!

ஆக, மனிதர், மன்னர் இருவர் கதையும் முடிந்தது. இனி ஜில்லாவுக்கு வருவோம். வட ஆற்காட்டிலிருந்து சித்தூர், சந்திரகிரிப் பக்கங்களும் கடப்பையிலிருந்து மதனப்பள்ளிப் பக்கமும் பிரித்துச் சேர்க்கப்பட்டு, 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் ஜில்லா பிறந்தது. ராதாகிருஷ்ணனும் கிருஷ்ணமூர்த்தியும் ஜில்லாவுக்கு மூத்தவர்கள் என்பதைப் போகிற போக்கில் குறித்துக்கொள்ளலாம். ஏன் ஏப்ரல் 1? முட்டாள்கள் தினம் என்று உலகம் சிரிக்கும் நாளில் ஒரு ஜில்லாவைத் தொடங்க வெள்ளைக்காரக் கலெக்டருக்கு வெட்கமாக இல்லையா? இருந்திராது. 1867 வரை இந்திய அரசின் கணக்காண்டு மே 1இல் தொடங்கியது. அதற்குப் பின் ஏப்ரல் 1. புதுக் கணக்கு தொடங்கும் நாளில்தான் புது ஜில்லா, புது இலாகா, புது எல்லை எல்லாம் தொடங்க முடியும். நடுவில் தொடங்கினால் பாதி வருடச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது? இதற்குக் ‘கர்ணம் கோட்பாடு’ என்று பெயரிடலாம். ஊர்க் கணக்கெழுதிய கர்ணத்தின் பதவியை ஆந்திர அரசு 1984இல் ஒழித்தது, கோட்பாடு ஒழியவில்லை.

சான்றுகள் குவிந்து கிடக்கின்றன. கணக்காண்டு மாறிய அதே 1867 ஏப்ரல் 1 அன்றுதான் சிங்கப்பூரும் பினாங்கும் மலாக்காவும் இந்தியாவின் பிடியிலிருந்து விலகி நேரடியாக லண்டன் ஆட்சிக்குப் போயின. ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் 1. ஒரிசாவும் சிந்துவும் தனி மாகாணங்களானது 1936 ஏப்ரல் 1. பர்மா பிரிந்தது 1937 ஏப்ரல் 1. அணாவை விரட்டி நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1. புலிகளைக் காக்கும் திட்டம்கூட 1973 ஏப்ரல் 1இல்தான் தொடங்கியது; கணக்காண்டு எப்போது பிறக்கிறதென்று புலிக்கு என்ன தெரியும்? ராதாகிருஷ்ணனின் ஊரான திருத்தணி சித்தூர் ஜில்லாவை விட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் 1. எல்லைப் போராட்டம் நடத்தியவர்கள் சிறைக்குப் போனார்கள், படாஸ்கர் மத்தியஸ்தம் செய்தார், 1959இல் சட்டமும் வந்தது. இத்தனைக்கும் பிறகு, கணக்குப் புத்தகம் முடியும்வரை எல்லைக்கல் காத்திருந்தது.

வெதுருகுப்பத்தில் 1905இல் பிறந்த ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். (தேதி கேட்க வேண்டாம்.) திண்ணையை விட்டு இறங்காமலே அவர் வட ஆற்காட்டிலிருந்து சித்தூருக்கும், 1953இல் சென்னை மாநிலத்திலிருந்து ஆந்திர மாநிலத்துக்கும், 1956இல் ஆந்திரப் பிரதேசத்துக்கும் குடிபெயர்ந்திருப்பார். மூன்று பயணமும் மாத முதல் தேதியில்: ஏப்ரல் 1, அக்டோபர் 1, நவம்பர் 1. அக்டோபர் 1 குறிப்பாகக் கவனிக்கத்தக்கது. ஒரே ஒரு நாள் பொறுத்திருந்தால் ஆந்திர மாநிலம் காந்தி ஜயந்தியன்று பிறந்திருக்கும். சம்பளப் பட்டியலுக்கும் மகாத்மாவுக்கும் நடந்த இந்தப் போட்டியில் யார் வென்றார் என்பதைத் தேதியே சொல்கிறது.

ஏப்ரல் 1இல் பெரிய மனிதர்களும் பிறந்திருக்கிறார்களே, பிஸ்மார்க் இல்லையா, கோகோல் இல்லையா என்பது அடுத்த மறுப்பு. வருடத்தின் எந்த நாளை எடுத்தாலும் இப்படி நாலு பேர் கிடைப்பார்கள். மனிதர்கள் எல்லா நாளும் பிறந்துகொண்டுதான் இருக்கிறார்கள். குவிவது இலாகாக்கள் மட்டுமே. கோகோல் விஷயமோ நம் கட்சிக்கே பலம். அவர் பிறந்த அன்று ருஷ்ய நாள்காட்டி காட்டியது 1809 மார்ச் 20. அதைக் கிரிகோரியன் கணக்குக்கு மாற்றியதால் ஏப்ரல் 1 ஆனது. வாழ்நாள் முழுக்கக் குமாஸ்தாக்களைக் கேலி செய்து எழுதியவரைக் குமாஸ்தாக்கள் தங்கள் நாளிலேயே இழுத்து உட்கார வைத்துவிட்டார்கள். ஆகஸ்ட் 15, ஜனவரி 26 ஆகியவற்றைக் காட்டி மறுப்பவர்களும் உண்டு. அவை நாடுகளின் தேதிகள். நாட்டுக்குக் கொடி, கீதம், கண்ணீர் எல்லாம் வேண்டும். ஜில்லாவுக்கு ஒரு பேரேடு போதும்.

கர்ணம் கோட்பாட்டை உண்மையிலேயே அசைக்கக்கூடிய சான்று ஒன்றுதான் உண்டு. அது பக்கத்திலேயே இருக்கிறது. 2022இல் ஆந்திரத்தின் 13 மாவட்டங்கள் 26 ஆயின. மதனப்பள்ளி அன்னமய்யா மாவட்டத்துக்குப் போனது. திருப்பதி தனி மாவட்டமானது. வெதுருகுப்பம் சித்தூரிலேயே நின்றது. தொடக்க நாள் ஏப்ரல் 1 அல்ல. முதலில் பேசப்பட்டது உகாதி, அதாவது ஏப்ரல் 2. கடைசியில் ஏப்ரல் 4 திங்கட்கிழமை, காலை 9.05க்கும் 9.45க்கும் இடையே முகூர்த்தம் குறித்தார்கள். திங்கட்கிழமை ராகு காலம் 7.30 முதல் 9 மணி வரை என்பது தெரிந்தவர்களுக்கு அந்த ஐந்து நிமிடத்தின் அருமை விளங்கும். இங்கே ஜோசியர் கர்ணத்தை வென்றார் என்று கொண்டாடுவோர் தூரத்தை அளந்து பார்க்க வேண்டும். எத்தனை வல்லமையுள்ள பஞ்சாங்கமும் மாவட்டத்தைக் கணக்காண்டின் வாசலிலிருந்து மூன்று நாளுக்கு மேல் நகர்த்த முடியவில்லை. ஆவணிக்கோ தைக்கோ கொண்டுபோகட்டும், அப்போது கோட்பாட்டைத் திருத்திக்கொள்ளலாம்.

ஒரு சலுகை மட்டும் ஜோசியர் தரப்புக்கு உண்டு. திருப்பதி மாவட்டத்துக்குப் பிறந்த நேரம் இருப்பதால் ஜாதகம் எழுதலாம். சித்தூருக்கு நாள் இருக்கிறது, கிழமை இருக்கிறது, சனிக்கிழமை, நாழிகை இல்லை. அன்று கச்சேரியைக் காலை பத்து மணிக்குத் திறந்திருந்தால் அது நல்ல ராகு காலம். பிரிந்த இரண்டையும் மறுபடி சேர்த்துவைக்க வேண்டும் என்று வருங்காலத்தில் யாராவது மனுக் கொடுத்தால், பொருத்தம் பார்ப்பதற்கு ஒரு பக்கத்து ஜாதகம்தான் கிடைக்கும்.