இருபத்தேழு கட்டில்

"லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?" என்று இன்னும் ஒரே ஒருவர் கேட்டாலும் கடித்துவிடுவேன். நான் இன்னும் வண்டியை வாங்கவே இல்லை. செகண்ட் ஹேண்டில் ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தெருவில் வாய்தவறிச் சொன்னதோடு சரி. பால்காரர் கேட்டார். மாடி வீட்டு ரிட்டயர்டு தாசில்தார் கேட்டார். சொந்தமாகச் சைக்கிள்கூட இல்லாத ஜோசியர் கேட்டார். நேற்று பல் டாக்டர், என் வாய்க்குள் பஞ்சை அடைத்துவிட்டு, பதில் சொல்ல வழியில்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டார்.

டிக்கி எவ்வளவு பெரிசு என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு வேண்டியது அதுதான். மணப்பாறைப் பக்கம் மாமியார் வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது ஏறும் சாமான்களைப் பார்த்தவர்களுக்குப் புரியும். அரிசி மூட்டை, தேங்காய், பலாப்பழம், போன பொங்கலுக்கு "திருச்சியில கிடைக்காதுல்ல மாப்ள" என்று ஒரு அம்மிக்கல். குழவி தனியாக, பின்சீட்டில், பாயில் சுற்றி.

நியாயமாக நான் வாங்கவேண்டியது ஸ்டேஷன் வேகன். இந்த நாட்டில் அதை விற்றுப் பார்க்காமல் இல்லை. டாடா 1992-இல் எஸ்டேட் என்று பெயரே வைத்து ஒன்று விட்டது. 2004-இல் இண்டிகோ மரீனா. நடுவில் பலேனோ அல்டூரா, கோர்சா ஸ்விங். எதையும் நம் ஜனங்கள் சீந்தவில்லை. பின்பக்கம் நீண்ட காரைப் பார்த்தால் என் சித்தப்பா இன்றைக்கும் "யாரைத் தூக்கிட்டுப் போறதுக்குடா இது?" என்றுதான் கேட்பார். ஆகவே மிச்சமிருப்பது எர்டிகா. மூன்றாவது வரிசையை மடக்கிவிட்டால் அம்மி, குழவி எல்லாம் அடங்கும். பழைய எர்டிகாவே போதும் என்று வீட்டில் முடிவாயிற்று.

அங்கேதான் சனி பிடித்தது. 2012-இல் வந்த அந்தப் பழைய எர்டிகாவில் இரண்டு இன்ஜின். பெட்ரோல் 1,373 சிசி. டீசல் 1,248 சிசி. எது நல்லது என்று யோசித்துக்கொண்டிருந்தோம். அதற்குள் குடும்பம் இரண்டாக உடைந்துவிட்டது.

சித்தப்பா டீசல் கட்சி. அவர் கணக்கில் டீசல் இன்னும் பெட்ரோலைவிட முப்பது ரூபாய் மலிவு. டீசல் விலைக் கட்டுப்பாட்டை 2014 அக்டோபரிலேயே எடுத்துவிட்டார்கள், இப்போது வித்தியாசம் பத்து ரூபாய்க்குள்தான் என்று சொல்லிப் பார்த்தேன். "அது அரசியல்டா, நான் வண்டியைப் பத்திப் பேசறேன்" என்றார். மச்சான் பெட்ரோல் கட்சி. டெல்லியில் பத்து வருஷ டீசல் வண்டிக்குத் தடை வந்துவிட்டது என்பது அவனுடைய ஒரே வாதம். நாங்கள் யாரும் அம்மிக்கல்லோடு டெல்லிக்குப் போவதாக இல்லை.

இந்த சிசி கணக்கே பெரிய கூத்து. 2006 பட்ஜெட்டில் ப.சிதம்பரம் சின்ன காருக்கு எக்ஸைஸ் வரியை 24 சதவீதத்திலிருந்து 16-ஆகக் குறைத்தார். நீளம் நாலு மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500-க்குள். அன்றையிலிருந்து ஊரில் உள்ள இன்ஜின் எல்லாம் பாட்டா செருப்பு விலை மாதிரி ஆகிவிட்டது. 1,197, 1,199, 1,498. அந்த மூன்று சிசியை வைத்துக்கொண்டு கம்பெனிக்காரன் என்ன செய்யப்போகிறான்? 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் டெல்லியில் 2,000 சிசியும் அதற்கு மேலும் உள்ள டீசல் வண்டிகளைப் பதிவு செய்யக்கூடாது என்றது. அடுத்த மாசமே மஹிந்திரா 1.99 லிட்டர் இன்ஜினோடு வந்து நின்றது. டெல்லி மூச்சு விட்டிருக்கும்!

போகட்டும். டெஸ்ட் டிரைவ் போனோம். சித்தப்பா, மச்சான், புரோக்கர், நான். பெட்ரோல் வண்டி. கிளம்பும் முன்பே சித்தப்பா பானெட்டைத் திறந்து, ஓடுகிற இன்ஜினில் ஆயில் மூடியைக் கழற்றி, உள்ளங்கையை மேலே காட்டி, அதை முகர்ந்தும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. புரோக்கருக்கு வியர்த்துவிட்டது. தென்னூர் மேம்பாலம் ஏறும்போது ஏசி ஓடிக்கொண்டிருந்தது. "பார், திணறுது" என்றார் சித்தப்பா. "தேர்டுல வச்சிக்கிட்டு மேடு ஏத்தினா ஏரோப்ளேனும் திணறும்" என்றான் மச்சான். நான் செகண்டுக்கு மாற்றுவதற்குள் இடது பக்கமாக ஒரு டிவிஎஸ் பிஃப்டி எங்களைத் தாண்டிப் போயிற்று.

அதில் ஒருவர், அவர் சம்சாரம், முன்னால் நின்றபடி ஒரு பையன். கால் வைக்கும் இடத்தில் இரண்டு மூட்டை. பின்னால் கழற்றிக் கட்டிய ஒரு கட்டில். சம்சாரத்தின் மடியில் ஒரு ஆடு. அந்த ஆடு எங்களைத் திரும்பிப் பார்த்தது. அம்மாள் பார்க்கவில்லை.

1980-இல் ஓசூரிலிருந்து வந்த வண்டி அது. ஐம்பது சிசி. இன்றைக்கு விற்கிற எக்ஸ்எல்லில் கிட்டத்தட்ட நூறு சிசி இருந்தாலும் ஊர் வாயில் அது பிஃப்டிதான். எங்கள் குடும்பத்தில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் சண்டை நடப்பது 125 சிசி வித்தியாசத்துக்கு. அதாவது இரண்டரை டிவிஎஸ் பிஃப்டி. ஐந்து பெரியவர், இரண்டரைப் பையன், ஐந்து மூட்டை, இரண்டரைக் கட்டில், இரண்டரை ஆடு. அரை ஆடு எப்படி என்று கேட்காதீர்கள், அது பிரியாணிக் கடைக்குப் போகிற வண்டி. முழு இன்ஜினையும் கணக்குப் போடுங்கள். 1,373-ஐ ஐம்பதால் வகுத்தால் இருபத்தேழு வண்டி. இருபத்தேழு கட்டில்! ஒரு ஹாஸ்டல். ஐம்பத்து நாலு மூட்டை, ஹாஸ்டலுக்கு மாச அரிசி. இருபத்தேழு ஆடு, ஹாஸ்டல் டே. மிச்சம் இருபத்து மூன்று சிசி இருக்கிறது, அதில் வார்டனும் அவர் பீரோவும் வரலாம். இவ்வளவையும் மேம்பாலம் ஏற்றக்கூடிய இன்ஜின் எங்கள் நாலு பேரை ஏற்றத் திணறுகிறது. அந்த மனிதரை வழிமறித்து, "டார்க் எவ்வளவு? டர்போ உண்டா? எத்தனை ஆர்பிஎம்முல பிக்கப் வருது?" என்று யாராவது கேட்டதுண்டா? கேட்டால் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத்தான் அடிப்பார். ஸ்டேஷன் வேகன் இந்த நாட்டில் விலைபோகவில்லை என்று மேலே எழுதினேன். அது ஓசூரிலிருந்து விலைபோய்க்கொண்டேதான் இருக்கிறது.

இதையெல்லாம் நான் காருக்குள் சொல்லவில்லை. சித்தப்பா டீசல் எர்டிகாவுக்கு 200 நியூட்டன் மீட்டர், பெட்ரோலுக்கு 130 என்று விளக்கிக்கொண்டிருந்தார். நியூட்டனை அவர் மாமன் மகன்போல் உரிமையோடு பேசுவார். 1,750 ஆர்பிஎம்மிலேயே அந்த 200-ம் கிடைத்துவிடும் என்பதும் வாஸ்தவம்தான். ஆனால் மாருதி 2020 ஏப்ரலோடு டீசலையே விட்டுவிட்டது, நாளைக்கு இன்ஜெக்டர் போனால் நியூட்டனா வந்து நிற்பார் என்றான் மச்சான். அதுவும் வாஸ்தவம். வேறு ஒரு தரகரிடம் ஒரு டீசல் வண்டி இருக்கிறது. சிங்கிள் ஓனர், ஒரு ரூபாய் வேலை இல்லையாம். ஒரு ரூபாய் வேலை இல்லாத வண்டியை அந்த சிங்கிள் ஓனர் ஏன் விற்கிறார் என்று கேட்டேன். பதில் வரவில்லை.

இதற்கிடையில் சம்பந்தியை சமாதானம் பண்ணுகிற தோரணையில் மச்சான் ராத்திரி போன் பண்ணினான். இரண்டு கட்சிக்கும் பொதுவாக ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறானாம்.

"சிஎன்ஜி வண்டி ஒண்ணு இருக்கு மாமா. கிலோவுக்கு இருபத்தாறு குடுக்குது."

"சிலிண்டர் எங்கே இருக்கும்?"

"டிக்கியிலதான். ஏன்?"