சில்லை எண்ணு, பிறகு ஓடு

டாங்கிகளைப் பற்றி மிகக் குறைவாகப் படித்து மிக அதிகமாகத் தெரிந்துகொண்ட சனம் உலகத்தில் உண்டென்றால் அது யாழ்ப்பாணத்துச் சனம்தான். ஆனால் அந்த அறிவு ஒரு விசித்திரமான அறிவு. ஆகாயத்தில் வருவதை எங்கள் கிழவிகள் சத்தத்திலேயே பிரித்துவிடுவார்கள். பொம்மரா, சகடையா, கிபிரா, வண்டா என்று உலையில் அரிசி போட்டபடியே தீர்ப்புச் சொல்வார்கள். தரையில் வருவதென்றால் மட்டும் பெருஞ்சோம்பல். சங்கிலி போட்டு உருண்டால் எல்லாமே ‘செயின் புளொக்’. உள்ளே ரஷ்யக்காரன் செய்த இயந்திரமா, செக்காரன் செய்ததா, சீனாக்காரன் பார்த்து எழுதியதா என்று ஒருவரும் கேட்டதில்லை.

நியாயமான சோம்பல்தான். விமானத்தின் இனம் தெரிந்தால் பங்கருக்குள் ஓட எத்தனை நிமிடம் இருக்கிறதென்று கணக்குப் போடலாம். டாங்கியின் இனம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நிற்பவனுக்குக் கணக்குப் போட ஒன்றும் மிச்சமில்லை.

ஆனாலும் உலகமெங்கும் ஆயுத ஆர்வலர்கள் சீன டாங்கிப் படங்களை வைத்துக்கொண்டு இது எந்த வகை என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். குற்றம் சீனாவுடையது. சோவியத் நண்பர்கள் ஐம்பதுகளில் ரி-54ஏ டாங்கியின் செய்முறையைக் கொடுத்தார்கள். பாவ்தோ நகரத்துத் தொழிற்சாலை அதை அப்படியே வார்த்து ‘ரைப் 59’ என்று பெயர் வைத்தது. பிறகு நட்பு முறிந்தது. 1969 மார்ச்சில் உசூரி ஆற்றுத் தீவொன்றுக்காக இருவரும் அடிபட்டார்கள். பனிக்கட்டிக்கு மேலே மாட்டிய சோவியத் ரி-62 டாங்கி ஒன்று ஆற்றுக்குள் அமிழ்ந்தது. சீனர்கள் அதை வெளியே இழுத்துப் பிரித்துப் படித்தார்கள். அது இப்போது பெய்ஜிங் இராணுவ அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இவ்வளவு பாடுபட்டபின் வெளிவந்த ‘ரைப் 69’ எப்படி இருந்தது? பழைய 59-ஐப் போலவே இருந்தது. அயலூர்க் கலியாணத்தில் பந்தியிருந்து பக்குவம் கேட்டு வந்தவர் வீட்டில் பழையபடி அதே பருப்புக்கறியை வைத்த மாதிரி. தூரத்தில் இருந்து பார்ப்பவருக்குக் கிடைக்கும் துப்பு முன் மட்கார்டு விளக்குகள்தான். வலப்பக்கம் மட்டும் இருந்தால் 59, இரண்டு பக்கமும் இருந்தால் 69.

பெயர் வைப்பதில் அவர்களுக்குக் கஞ்சத்தனம் வேறு. ஆண்டின் இலக்கத்தைப் பிடித்து அந்த ஆண்டில் பிறந்த எல்லாவற்றின் தலையிலும் கட்டுவார்கள். துருப்புக்காவியும் ரைப் 63, தண்ணீரில் நீந்தும் இலகு டாங்கியும் ரைப் 63, 107 மில்லிமீற்றர் ரொக்கெட் செலுத்தியும் ரைப் 63, ஒரு துவக்கும் ரைப் 63. உச்சம் 69. டாங்கியும் ரைப் 69, அந்த டாங்கியை உடைக்கத் தோளில் வைத்து அடிக்கும் ஆர்பிஜி-7இன் சீனப் பிரதியும் ரைப் 69. களஞ்சியப் பொறுப்பாளரிடம் 69 ஒன்று கேட்டவன் எதைக் கொண்டு வீட்டுக்குப் போவான் என்று சொல்ல முடியாது.

இந்த வியாதி யாழ்ப்பாணத்துக்கும் தொற்றியது. இங்கே ரி-55 என்றால் டாங்கி. ரி-56 என்றால் சென்றிப் பெடியனின் தோளில் தொங்குகிற சீனத்துத் துவக்கு. ஓர் இலக்கத்துக்கும் அடுத்த இலக்கத்துக்கும் இடையில் முப்பத்தைந்து தொன் வித்தியாசம்.

ஒரே முகத்தால் வந்த வில்லங்கம் மற்ற நாடுகளிலும் உண்டு. 1971 போரில் இந்தியாவிடம் ரி-55, பாகிஸ்தானிடம் ரைப் 59. தன்னுடையதைத் தானே அடித்துவிடுவோம் என்று பயந்த இந்தியப் படை, தன் டாங்கிக் குழல்களின் நடுவில் போலியாக ஒரு வீக்கத்தைப் பொருத்தியது. ஈரானும் ஈராக்கும் எண்பதுகளில் மோதியபோது சீனா இரண்டு பேருக்குமே டாங்கி விற்றது. வியாபாரத்தில் பாரபட்சம் கூடாது.

எங்கள் ஊர்க் கதைக்கு வருவோம். 1987 ஒக்டோபரில் இந்தியப் படை ரி-72 டாங்கிகளோடு யாழ்ப்பாணத்துக்குள் இறங்கியது. வீதியெல்லாம் கண்ணிவெடி. ஆகவே யாழ்தேவி ஓட வேண்டிய தண்டவாளத்தைப் பிடித்துக் கொக்குவில் பக்கம் வந்தன. நாற்பது தொன் இரும்பு பயணச்சீட்டில்லாமல் ரயில் பாதையில் போனது அப்போதுதான். இதைச் சீனத்து 59 என்று யாரும் மயங்கத் தேவையில்லை. பக்கத்துக்கு ஆறு சில்லு.

1991இல் இலங்கை இராணுவத்துக்குச் செக்கோசிலோவாக்கியாவில் இருந்து பாவித்த ரி-55கள் வந்தன. இதுவும் ரைப் 59உம் ஒரே தாய் பிள்ளைகள். பக்கத்துக்கு ஐந்து சில்லு, முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஒரு பெரிய இடைவெளி. வித்தியாசம் காண வேண்டுமென்றால் சுழல்கோபுரத்தின் மேல் வலப்பக்கத்தை எட்டிப் பார்க்கவேண்டும். காளான் மாதிரிக் காற்றுவாரி மூடி இருந்தால் சீனம், இல்லாவிட்டால் ரி-55. டாங்கியின் மண்டையை எட்டிப் பார்க்கும் உயரத்தில் ஏறி நிற்கத் துணிந்தவர்கள் இந்தச் சோதனையைச் செய்யலாம். பிந்தி வந்த ரி-55ஏஎம்2 வகையில் கோபுரத்து முகப்பில் இரண்டு கவசத் துண்டுகள் புடைத்திருக்கும். ‘பிரெஷ்னேவின் புருவம்’ என்பது அதன் பட்டப்பெயர். பட்டப்பெயர் வைப்பது யாழ்ப்பாணத்தின் தனிச்சொத்தல்ல என்பதற்கு இது சாட்சி.

சீனம் இங்கே வந்தது துருப்புக்காவிகளாக. அங்கே வேலை சுலபம். நான்கு சில்லு என்றால் ரைப் 63, ஐந்து என்றால் ரைப் 85. ரைப் 89க்கும் ஐந்து. சரி, சுலபம் என்று சொன்னது அவசரம்.

1993 நவம்பரில் குடாக்கடலுக்கு அக்கரையில் பூநகரி முகாம் தாக்கப்பட்டபோது புலிகள் இரண்டு ரி-55களைக் கைப்பற்றினார்கள். அத்தோடு நிபுணர்களின் கல்வியெல்லாம் கவிழ்ந்தது. அதே சில்லு, அதே இடைவெளி, அதே குழல். ஆனால் ஆள் வேறு. மட்கார்டு விளக்கை எண்ணி எந்தப் பக்கத்து டாங்கி என்று கண்டுபிடிக்கும் புத்தகம் இன்றுவரை அச்சாகவில்லை.

எந்தப் புத்தகத்திலும் இடம்பெறாத ஒரு கவச வாகனம் ஆனையிறவில் உண்டு. 1991 ஜூலையில் டாங்கி இல்லாத புலிகள் புல்டோசர் ஒன்றுக்கு இரும்புத் தகடு அடித்து முகாமை நோக்கி ஓட்டினார்கள். சிங்க றெஜிமெந்தின் காமினி குலரத்ன என்ற சிப்பாய் கைக்குண்டுகளோடு அதில் ஏறி நிறுத்தினார், அங்கேயே செத்தார். இராணுவத்தின் அதியுயர் பதக்கமான பரம வீர விபூஷணய அவருக்குக் கிடைத்தது. அந்த புல்டோசர் ஏ-9 வீதியோரம் காட்சிக்கு நிற்கிறது. யாழ்ப்பாணம் போகிறவர்கள் இறங்கிப் பார்க்கலாம். இதற்கு ரைப்பும் இல்லை, இலக்கமும் இல்லை, வேறொன்றென்று மயங்கவும் வழியில்லை.